ஸ்பீக்கர தூக்கி போட்டுடாத மாப்ள

டேய் மாப்ள,

உன் லெட்டர் புதன்கிழமை வந்துச்சு, அம்மாவுக்கு முட்டி வலி கொறஞ்சு கோயில் வரைக்கும் நடக்கறாங்கன்னு படிச்சதும் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. இங்க பொண்ணுக்கு பரீட்சை முடிஞ்சுது, வீடு இப்பதான் கொஞ்சம் கலகலன்னு இருக்கு.

உன் ஹோம் தியேட்டர்ல பாட்டு நல்லாருக்கு ஆனா படத்துல பேசறது போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு, எல்லாத்தையும் குடுத்துட்டு சவுண்ட்பார் வாங்கப்போறேன்னு எழுதிருந்தியே, அவசரப்படாத. படத்துல பேச்சு பெரும்பாலும் நடுவுல இருக்கற சென்டர் ஸ்பீக்கர்லதான் வரும், அதுல ட்வீட்டர், அதான் கூர்மையான மேல் சத்தம் குடுக்கற சின்ன ஸ்பீக்கர், போயிருந்தா ச, ஷ, ஸ எல்லாம் மழுங்கி நீ சொல்ற மாதிரியேதான் கேக்கும். நானே இதுல அஞ்சாறு மாசம் ஏமாந்திருக்கேன்.

அப்பாவோட மார்கழி பஜனை கேசட் ஞாபகம் இருக்கா, தெருவே வந்து உக்காந்து பாடுமே, அத கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு நாள் போட்டேன். அது மோனோ ரெக்கார்டிங், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான வரணும்? வலது பக்கம் ஜால்ரா கணீர்னு வருது, இடது பக்கம் வெறும் ஆர்மோனியம் மட்டும். அப்பா கையில இருந்தது அந்த ஜால்ராதான்டா. வயசாகுது, காது மந்தமாயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தவன் அன்னிக்குதான் ஸ்பீக்கர் பக்கத்துல காத வச்சுப் பாத்தேன். ட்வீட்டர்ல மூச்சே இல்ல.

மொதல்ல ஆம்ப் (சத்தத்த பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பற பெட்டி) தப்பா ஸ்பீக்கர் தப்பான்னு பாக்கணும். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆம்ப் பின்னாடி இடது வலது வயர மாத்தி சொருகினேன். கோளாறு வலதுக்கு போயிருந்தா ஆம்ப்லயோ பாட்டு வர்ற சோர்ஸ்லயோ பிரச்சனைன்னு அர்த்தம், எனக்கு இடதுலயே நின்னுச்சு. நீயும் அதே மாதிரி சென்டர் வயர கழட்டி ஒரு ஃப்ரன்ட் ஸ்பீக்கர்ல குடுத்து ரிசீவர்ல (உன் ஹோம் தியேட்டரோட ஆம்ப் பெட்டி) டெஸ்ட் டோன் போடு, ஸ்ஸ்ஸ்னு கூர்மையா வந்துச்சுன்னா உன் ரிசீவர் நல்லாருக்கு, சென்டர்தான் நோயாளி.

அப்புறம் ஸ்க்ரூ கழட்டி ட்வீட்டர வெளிய எடுக்கணும், இங்க ரொம்ப ஜாக்கிரதை மாப்ள, பின்னாடி இருக்கற காந்தம் ஸ்க்ரூட்ரைவர வெடுக்குன்னு இழுக்கும், அந்த பட்டு டோம்ல குத்துச்சுன்னா நல்லாருந்த ட்வீட்டரும் போச்சு. வயர கழட்டிட்டுதான் மல்ட்டிமீட்டர ஓம்ஸ்ல, அதாவது மின்தடை அளக்கற எடத்துல, வைக்கணும், இல்லேன்னா சர்க்யூட்ல இருக்கற மத்த பார்ட்டும் சேந்து தப்பு கணக்கு காட்டும். ட்வீட்டர்ல 8 ஓம்ஸ்னு எழுதிருந்தா மீட்டர்ல 6 கிட்ட காட்டும், 4 ஓம்ஸ்னா 3க்கு மேல கொஞ்சம், அது சரிதான். ஒண்ணுமே காட்டலேன்னா உள்ள காயில் எரிஞ்சுருக்கும், இல்ல அந்த முடி மாதிரி மெல்லிசு வயர் அந்துருக்கும். பொங்கலுக்கு எல்லா ஸ்பீக்கர்லயும் பாட்டு வர்ற மாதிரி வச்சு மொட்டைமாடி வரைக்கும் ஃபுல் சவுண்ட் போட்டோம்னு சொன்னியே, அதுதான் எனக்கு சந்தேகமா இருக்கு. ஆம்ப் திணறி கரகரன்னு ஆகும்போது வர்ற அந்த தேவையில்லாத மேல் ஃப்ரீக்வென்சி பூரா ட்வீட்டர் தலையிலதான் விடியும், முடி மாதிரி காயில், எவ்ளோ தாங்கும் சொல்லு.

எனக்கு 5.8 காட்டுச்சு. ட்வீட்டர் உயிரோட இருக்கு! அப்ப அதுக்கு முன்னாடி எங்கயோ அடைப்பு. ஸ்பீக்கருக்குள்ள சத்தத்த மேல் கீழ்னு பிரிச்சு அனுப்பற கிராஸ்ஓவர் போர்ட்ல ட்வீட்டருக்கு போற வழியில ஒரு கபாசிட்டர் இருக்கும், பேஸ தடுத்து மேல் சத்தத்த மட்டும் விடற வாட்ச்மேன் மாதிரி. ஒரு கால சால்டர் எடுத்துட்டு அளந்து பாத்தா 4.7 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது 1 கூட தேறல. பழைய எலக்ட்ரோலைட்டிக் வகை, உள்ள இருக்கற திரவம் வருஷம் ஆக ஆக காஞ்சு போகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில அதே அளவு, திரவம் இல்லாத ஃபிலிம் வகை கபாசிட்டர் ரெண்டு வாங்கினேன், வலது பக்கத்துக்கும் சேத்து, ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்கணும்ல. சாதா எலக்ட்ரோலைட்டிக் ப்ளஸ் மைனஸ் போட்டது இருக்கே அத மட்டும் போட்டுடாத, ப்ளஸ் மைனஸ் பாக்காத நான்-போலார்னு கேட்டு வாங்கணும். கபாசிட்டரே இல்லாம நேரா வயர் குடுக்கறதும் கூடவே கூடாது, பேஸ் வந்து அடிச்சு ட்வீட்டர் காலி.

மாட்டி முடிச்சு அந்த கேசட்டையே திரும்ப போட்டேன். ரெண்டு பக்கமும் ஜால்ரா. பாட்டி சமையக்கட்டுல இருந்து கைய தொடச்சுகிட்டே வந்து நின்னு கேட்டுச்சு, ஒண்ணும் பேசல.

காயிலே எரிஞ்சிருந்தாலும் ஸ்பீக்கர குடுக்காத, அதே ஓம்ஸ், அதே சைஸ், சென்சிடிவிட்டியும் (அதே பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்குதுங்கற அளவு) கிட்டத்தட்ட அதேயா ட்வீட்டர் தேடி பிடிக்கலாம். வர்ற ஞாயித்துக்கிழமை அளந்துட்டு மீட்டர் நம்பரையும் கபாசிட்டர் மேல எழுதிருக்கறதையும் போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்த சனிக்கிழமை நான் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போறேன், வாங்கி கொரியர்ல போட்டுடறேன். அம்மாவ கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள