ஸ்டார் வரிசை வேண்டாம்: ஆலோசகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வடசென்னை வியாசர்பாடியில் தனியாக மனநல ஆலோசனை மையம் நடத்திவரும் உங்கள் உறுப்பினர் எழுதுகிறேன். சென்ற மாதம் நடந்த ‘பிராண்டிங்’ (தொழிலை விளம்பரப்படுத்தும்) பயிற்சியும் அதற்குப் பிறகு வந்த சுற்றறிக்கையும் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதத்திலிருந்து சங்கத்தின் இணையப் பட்டியலில் உறுப்பினர் பெயர்கள் கூகுள் ஸ்டார், ரிவ்யூ எண்ணிக்கை ஆகியவற்றின்படி வரிசைப்படுத்தப்படும் என்று அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டேன். ‘மேடம், காலம் மாறிப்போச்சு’ என்று ஒரு பதில் வந்தது. அதற்குக் கீழே நாலைந்து கைதட்டல் படங்கள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாடகை, கரண்ட் பில், என் வேலையைக் கவனித்து வழிகாட்டும் மேற்பார்வையாளருக்குக் கொடுக்கும் கட்டணம் எல்லாம் எனக்கும் உண்டு. நான் இருப்பதே தெரியாவிட்டால் யார் வருவார்கள்? ஆனால் ஓட்டலுக்கும் மொபைல் கடைக்கும் பொருந்தும் வழியை அப்படியே நம் தொழிலில் கொண்டுவந்து வைத்தால், அடி படுவது நம்மை நம்பி வருபவர்கள்தான். எப்படி என்று சொல்கிறேன்.

என் அறை மாடியில். கீழே ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்போல அங்கே கொஞ்ச நேரம் நின்று, தெருவில் தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு படியேறுபவர்கள் என்னிடம் வருகிறார்கள். தையல் கிளாஸுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. கணவருக்குத் தெரியாமல் மளிகைக் காசில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கொடுப்பவர்கள் உண்டு. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரராகவோ பழைய வகுப்புத் தோழராகவோ இருக்கும் ஊர் இது. ஆளுக்கு ஆள் தெரியும். அது இங்கே பெரிய பலம், ஆபத்துக்கு ஓடிவர நாலு பேர் இருப்பார்கள். மனசு சரியில்லை என்று வெளியில் சொல்ல முடியாததற்கும் அதுவேதான் காரணம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1794-இலிருந்து வரலாறு இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இங்கே ஒருவரை அவமானப்படுத்துகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ‘எங்கேயோ கவுன்சிலிங் போறதா கேள்விப்பட்டோம்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோன வீடுகளை நம்மில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தெருவுக்குத்தான் சங்கத்திலிருந்து ஒரு அக்ரிலிக் ஸ்டாண்டு கூரியரில் வந்தது. நடுவில் க்யூஆர் கோடு, மேலே சங்க முத்திரை, கீழே ‘உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்’.

அதை வைத்து என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி, பலரிடம் கண்டதை ஒருவருக்கு நடந்ததுபோல எழுதுகிறேன். பேச்சு முடிந்து எழுந்த ஒரு பெண் அதைப் பார்க்கிறார். முகம் தெளிந்திருக்கிறது, அன்று நன்றாக அழுது முடித்திருக்கிறார். ‘அக்கா, நீங்க கேக்கவே வேணாம், அஞ்சு ஸ்டார் நானே போட்டுடுறேன்’ என்று போனை எடுத்து ஸ்கேன் செய்கிறார். திரையில் அவருடைய கூகுள் கணக்கு வருகிறது. அவர் பெயரோடு கணவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு போட்டோ. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். ‘இந்தப் பேரும் படமும் அப்படியே வெளியில தெரியும்மா’ என்கிறேன். கட்டைவிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. ‘எங்க நாத்தனார் பார்த்தா தெரியுமா?’ என்று கேட்கிறார். மேப்பில் இந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும் என்கிறேன். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறார். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை: ‘போடலைன்னா உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே அக்கா?’

தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தவர் என் கஷ்டத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். அவரை அப்படிக் கவலைப்பட வைத்தது சங்க முத்திரை போட்ட அந்த ஸ்டாண்டு.

‘சம்மதத்தோடுதானே கேட்கிறோம், கட்டாயம் இல்லையே’ என்று பயிற்சியில் சொன்னார்கள். அடுத்த வாரமும் என்னிடம் வரப்போகிறவர், என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டவர், நான் கேட்டால் எப்படி முடியாது என்று சொல்வார்? நாம் படித்த பாடத்திலேயே இது இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் 5.05 என்ற விதி, சிகிச்சையில் இருப்பவர்களிடம் பாராட்டுரை கேட்கக் கூடாது என்கிறது. சூழ்நிலையால் மறுக்க முடியாத நிலையில் இருக்கும் மற்றவர்களிடமும் கேட்கக் கூடாது என்கிறது. நம் சங்கத்துக் கருத்தரங்குகளில் அந்த நெறிமுறையை எத்தனையோ பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டத்துக்கே வருவோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில் ரகசியம் காக்கப்படுவதைச் சிகிச்சை பெறுபவரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. 24-ஆம் பிரிவு, அவர் சம்மதம் இல்லாமல் படத்தையோ வேறு தகவலையோ ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்கும் அந்த ரகசிய உரிமை உண்டு என்றும் சொல்கிறது. நம்மைப்போன்ற சின்ன ஆலோசனை அறைகளுக்கு இதில் எந்த வரி எந்த அளவுக்குப் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். சட்டத்தின் நோக்கம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

இன்னொன்று. கூகுளில் என் மையத்தின் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்த ரிவ்யூ ஒன்று இருக்கிறது. ‘காசு பிடுங்குவதுதான் வேலை, பேசிப் பேசியே அனுப்பிவிடுகிறார்’ என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் என்னிடம் வந்தவரா, வராதவரா என்று நான் சொல்ல முடியாது. ‘நீங்கள் என்னிடம் வந்ததே இல்லை’ என்றுகூட எழுத முடியாது. ஒருவருக்கு அப்படிப் பதில் எழுதினால், நான் அப்படிப் பதில் எழுதாமல் விட்ட மற்றவர்கள் என்னிடம் வந்தவர்கள் என்று ஆகிவிடும். ஓட்டல்காரர் ‘மன்னிக்கவும், அடுத்த முறை வரும்போது சாம்பார் சூடாக இருக்கும்’ என்று எழுதலாம். கொத்தனார் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லலாம். நமக்கு வாயைத் திறக்க உரிமை இல்லை. இருக்கவும் கூடாது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் பதிலே சொல்ல முடியாத ஒன்றை வைத்து என்னை எடைபோட்டு, பட்டியலில் மேலே கீழே என்று என் சங்கமே வைக்கும் என்றால் அது என்ன நியாயம்?

பள்ளிகளும் கம்பெனிகளும் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கும்போது நீங்கள் அந்தப் பட்டியலைத்தான் அனுப்புகிறீர்கள். முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை. அப்படியானால் ரகசியத்தைக் காத்தவருக்குக் கடைசி இடம், வந்தவர்களிடம் எல்லாம் போனை நீட்டியவருக்கு முதல் இடம். நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் நடக்கப்போவது அதுதான்.

பயிற்சி கொடுக்க வந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரிவ்யூ போட்டால் அடுத்த அமர்வுக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுங்கள் என்றார். காசோ சலுகையோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுளின் விதியே தடை செய்திருக்கிறது. மேடையில் இருந்த பொறுப்பாளர் ஒருவராவது அதைச் சொல்லியிருக்கலாம். துண்டறிக்கைக்கு அவர் காட்டிய மாதிரியில் ஜன்னலோரம் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தார். காசிமேட்டில் வலை பின்னும் அம்மாவோ, எண்ணூரில் ஷிப்ட் முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளியோ அந்தப் படத்தைப் பார்த்து, இது எனக்கான இடம் என்று நினைப்பார்களா? ‘மூன்றே அமர்வில் பதற்றத்திலிருந்து விடுதலை’ என்று ஒரு வாசகமும் எழுதிக் காட்டினார். எந்தப் படிப்பில் அப்படி உறுதி கொடுக்கச் சொல்லித் தருகிறார்கள்? கை தட்டினார்கள். நம் ஆட்களே கை தட்டினார்கள்.

நான் எழுந்து என் இடத்தைச் சொன்னபோது, ‘வியாசர்பாடியா? அங்கே மார்க்கெட் இல்லை மேடம், அண்ணா நகரில் ஒரு ரூம் பாருங்கள்’ என்றார். சபை சிரித்தது. வடசென்னை என்றாலே வெட்டும் குத்தும், இல்லையென்றால் கேரமும் குத்துச்சண்டையும் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஆலோசகர்கள் நிறைந்த ஒரு கூடத்தில், இங்கே இருப்பவர்களுக்கு மனசு என்று ஒன்று இருப்பதே செய்தி என்பதுபோலச் சிரித்ததை என்னால் எளிதில் மறக்க முடியாது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்து, மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு வேலைக்கு மூன்று பஸ் மாறிப் போகிறவர்களுக்குத் தூக்கம் வராமல் போவதில் ஆச்சரியம் என்ன? ஆலோசனை இங்கே தேவைப்படுகிறது. அந்தத் தேவையைத்தான் அவர் மார்க்கெட் இல்லை என்று சொன்னார்.

கோபத்தில் வழி மாறிவிட்டேன், மன்னியுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டியல் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் வருகிறவருக்குப் பயன்படும் தகவல் அதில் இருக்கட்டும். என்ன படித்திருக்கிறார், எங்கே பயிற்சி எடுத்தார், மேற்பார்வையில் இருக்கிறாரா, கட்டணம் எவ்வளவு, குறைந்த கட்டணத்தில் பார்ப்பாரா, எந்த மொழிகளில் பேசுவார், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருப்பாரா, மாடி ஏற முடியாதவர் வந்தால் என்ன ஏற்பாடு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைப் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வார இறுதியில் சான்றிதழ் வாங்கிவிட்டு அதே பட்டத்தைப் போட்டுக்கொள்பவர்கள் நம் பட்டியலிலும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்டார் வரிசையில் அவர்கள் மேலே வருவார்கள், பதிவு எண் கேட்டால் வர மாட்டார்கள். பெயர்களைப் பகுதிவாரியாக வையுங்கள். திருவொற்றியூரில் இருப்பவர் திருவொற்றியூரில் யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடுவார்.

டாக்டர்களுக்கு என்ன விதி என்று பாருங்கள். 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள் விளம்பரம் போட்டு நோயாளியைப் பிடிக்கக் கூடாது என்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்கினால் அறிவிக்கலாம், முகவரி மாறினால் அறிவிக்கலாம், கட்டணத்தைப் பகிரங்கமாகச் சொல்லலாம். நமக்கும் கிட்டத்தட்ட அது போதும்.

எனக்கு ஆட்கள் வருவது எப்படி என்று கேட்டால் சொல்கிறேன். பக்கத்துத் தெரு டாக்டர் அம்மா, தலைவலி என்று வந்து மாத்திரை கேட்காமல் அழுபவர்களை அனுப்புகிறார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுகிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் தூக்கத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் பேசுகிறேன். என் விசிட்டிங் கார்டில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். அது பர்ஸில் இருப்பதை யார் பார்த்தாலும் எதுவும் தெரியாது. என்னால் முடியாததை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறேன். இரவில் தனியாகத் தவிப்பவர்களுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எழுதிக் கொடுக்கிறேன். இதில் எதற்கும் யாருடைய பெயரும் படமும் வெளியில் போக வேண்டியதில்லை. அடுத்த பயிற்சியில் இந்த மாதிரி வழிகளைச் சொல்லித் தந்தால் முதல் ஆளாக வந்து உட்காருவேன்.

எனவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டார் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அனுப்பிய ஸ்டாண்டுகளை மேசையிலிருந்து எடுத்துவிடும்படி எல்லா உறுப்பினர்களுக்கும் சொல்லுங்கள். ஆலோசனைக்கு வந்தவர்களின் பெயரையும் முகத்தையும் பேச்சையும், அவர்களே விரும்பினாலும், சிகிச்சை முடியும்வரை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று சங்க விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வரும் பொதுக்குழுவின் பொருள் நிரலில் இதை வைத்து, பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். புதிய பட்டியலுக்கான படிவத்தைத் தயார் செய்யும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன், வடசென்னையில் இருக்கும் மற்ற உறுப்பினர்களும் கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பட்டியல் மாறும் தேதிக்கு முன்பே எழுத்தில் பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் உறுப்பினர்,
வியாசர்பாடி, சென்னை.