எண்பது பவுண்டு எதற்கு, கதிர்?

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி பழையபடிதான். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார், நடக்கத்தான் மாட்டேன் என்கிறார். நீ போன் செய்தபோது கடையில் கூட்டம். வலை வாங்க வந்தவர்கள் கணக்குக்கு நின்றுகொண்டிருந்தார்கள், உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மீன் பிடிக்கப் பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கிவிட்டாய், அதில் எத்தனை பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய தூண்டில் நரம்பு, சுற்றுவது என்று கேட்டாய். உன்னுடன் வேலை செய்யும் நண்பர் எண்பது போடு, கவலையே வேண்டாம் என்றாராம். ராயபுரத்தில் நம் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். பவுண்டு ஏற ஏறத் தங்களுக்கே பலம் ஏறுவதுபோல் நினைத்துக்கொண்டு அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். நான் வியாபாரி, கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவேன். நீ என் பிள்ளை, அதனால் சொல்கிறேன்: உன் ரீலுக்கு எண்பது வேண்டாம்.

முதலில் மீனைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் டார்வினில் பாராமுண்டி என்று கொண்டாடுகிறார்களே, அது காசிமேட்டில் நான் பேரம் பேசி வாங்கிக் குழம்பு வைக்கும் கொடுவாதான். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997-இல் குஞ்சு பொரிக்க வைத்தார்களே, அதே மீன். நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் வாழும். வேர், பாறை, பாலத்தூண் என்று ஏதாவது ஒன்றை ஒட்டியே பதுங்கியிருக்கும். முள்ளில் மாட்டியதும் திரும்பி அந்த வேருக்குள்ளேயே பாயும். மேலே எழும்பித் தலையை உதறும். நரம்பின் பலத்தை முடிவு செய்ய மீனின் எடையைவிட இந்தக் குணம்தான் முக்கியம்.

உன் ரீல் வந்த பெட்டியை எடுத்துப் பார். அதிகபட்ச டிராக், அதாவது ரீல் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் பலம், இத்தனை கிலோ என்று அச்சிட்டிருக்கும். உன்னுடையதைப் போன்ற சிறிய ரீல்களில் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ வரைதான். மீன் அதற்கு மேல் இழுத்தால் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் தானாகச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். எண்பது பவுண்டு நரம்பு சுமார் 36 கிலோ தாங்கும். 8 கிலோவிலேயே ரீல் நரம்பை விட்டுவிடும்போது மிச்சமுள்ள பலம் யாருக்கு? முப்பது பவுண்டே 13 கிலோவுக்கு மேல் தாங்கும். முடிச்சில் கொஞ்சம் போகும், உரசலில் கொஞ்சம் போகும், அதற்காக இடம் விட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் நாலைந்து மடங்கு இடம் எந்தக் கணக்கிலும் வராது.

அப்படியானால் பதினைந்து பவுண்டு போதாதா என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான் குறுக்கே கேட்பாய். நீ இதுவரை வைத்திருந்த ஸ்பின்னிங் ரீலுக்குப் போதும், அதில் பத்து பவுண்டுகூட அழகாக ஓடும். பெய்ட்காஸ்டிங் ரீல் வேறு ஜாதி. இதில் வீசும்போது ஸ்பூலே சுழல்கிறது. மீன் பலமாக இழுக்கும்போதும், லூர், அதாவது செயற்கை இரை, எங்காவது மாட்டி நீ இழுக்கும்போதும், மேல் சுற்றில் இருக்கும் மெல்லிய நரம்பு கீழ்ச் சுற்றுகளுக்கு இடையே புதைந்துகொள்ளும். நூல்கண்டின் மேல் இழையை வெடுக்கென்று இழுத்தால் அது உள்ளே இறங்கி மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பாயே, அதேதான். அடுத்த தடவை வீசும்போது நரம்பு அந்த இடத்தில் வந்து நிற்கும். லூர் மட்டும் நிற்காது. அறுத்துக்கொண்டு தண்ணீரின் நடுவே போய் விழும். பழவேற்காட்டுக்குப் போய்வந்த ஒரு பையன், புது ரீலில் இருபது பவுண்டு சுற்றி, ஒரே காலையில் மூன்று லூர்களை இப்படிப் பறிகொடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தான். நரம்பு மட்டம் என்று என்னிடம் சண்டை. ஸ்பூலை வாங்கி நகத்தால் கீறிக் காட்டினேன். மேல் சுற்று மூன்று நான்கு அடுக்குக் கீழே இறங்கிக் கம்பிபோல இறுகிக் கிடந்தது. அதன் பிறகு சத்தம் போடவில்லை.

ஆகவே இந்த ரீலுக்கு நரம்பு வாங்கும்போது பருமனைப் பார்த்து வாங்க வேண்டும். பவுண்டு அதன் பின்னால் தானாக வரும். பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று அட்டையில் போட்டிருப்பது அந்த இழையின் பெயர். 1990-களின் தொடக்கத்தில்தான் இவை தூண்டிலுக்கு வந்தன. அதற்கு முன்பு கடையில் பெரும்பாலும் நைலான்தான். இந்த இழையின் பலம் அபாரம், பருமனோ மிகக் குறைவு. முப்பது பவுண்டு பிரெய்டு ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர், அதாவது எட்டு பவுண்டு நைலான் இருக்கும் பருமன். ஐம்பது பவுண்டு 0.36, பன்னிரண்டு பவுண்டு நைலானுக்குச் சமம். அறுபத்தைந்து பவுண்டு 0.41 வரும். கம்பெனிக்குக் கம்பெனி சற்றே மாறும், அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜப்பான் சரக்காக இருந்தால் பி.ஈ. 3, பி.ஈ. 4 என்று எண் இருக்கும். அது பருமனுக்கான அளவு, அதைப் பவுண்டாக எண்ணிவிடாதே. பி.ஈ. 3 என்பது சுமார் 0.285 மில்லிமீட்டர்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அலையாத்தி வேர்களுக்கு இடையில் வீசப்போகிறாய் என்றால் ஐம்பது. மீனை முதல் சில நொடிகளிலேயே திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும், அங்கே தயங்கினால் மீனும் போய்விடும், லூரும் போய்விடும். திறந்த நீரில், படகின் பின்னால் லூரை இழுத்துக்கொண்டு போவதென்றால் முப்பது போதும், ஸ்பூலில் நிறைய நீளமும் கொள்ளும். உன் ரீலில் முப்பதுக்குக் கீழே இறங்காதே. அறுபத்தைந்தை நான் எடுத்துக் கொடுப்பது விரால் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான். ஆகாயத்தாமரை மண்டிய ஏரியில் தவளை லூரைப் போட்டு, மீனோடு சேர்த்து ஒரு கூடை கொடியையும் இழுக்க வேண்டியிருக்கும் அவர்களுக்கு. உனக்கு அந்தத் தேவை இல்லை. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் ஐம்பதை எடு.

எண்பது வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. லூர் வேரில் மாட்டினால் அறுத்துவிட்டு வரத் தெரிய வேண்டும். எண்பதைக் கையால் அறுக்க முடியாது. ராடை, அதாவது தூண்டில் கம்பை, வளைத்து இழுத்தால் ராடு முறியும், ரீலின் பேரிங் கெடும். அறுக்க முடியாதவன் என்ன செய்வான்? நாலு அடிதானே என்று தண்ணீரில் இறங்குவான். உன் ஊரில் தண்ணீருக்குள் முதலை இருக்கிறது, கதிர். கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நின்று தூண்டில் போடச் சொல்கிறார்கள் என்று நீதான் போன வருஷம் சொன்னாய். அதை மறந்துவிடாதே. பிடித்த மீனைக் கரையோரத்தில் உட்கார்ந்து கழுவாதே. லூர் போனால் போகட்டும்.

அதற்காகத்தான் லீடர். பிரெய்டின் நுனியில் ஒரு ஆள் உயரத்துக்குக் குறையாமல் நாற்பது பவுண்டு நைலானையோ ஃபுளோரோகார்பனையோ சேர்த்துக் கட்டு. பிரெய்டு எதையும் தாங்கும், உரசலைத் தாங்காது. சிப்பி ஒட்டிய பாறையில் இறுகிய நிலையில் ஒருமுறை பட்டாலே போய்விடும். கொடுவாவின் செவுள் மூடி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், சமையலறையில் என் விரலை அறுத்திருக்கிறது. வாயோரமும் அரம்போல் சொரசொரப்பு. அங்கே பிரெய்டு நேரடியாக இருந்தால் ஒரு உதறலில் முடிந்தது. லீடர் நாற்பது, மெயின் நரம்பு ஐம்பது என்று வைத்தால் மாட்டிக்கொள்ளும்போது லீடர்தான் முதலில் அறும். பிரெய்டு முழுதாக உன்னிடம் திரும்பி வரும், தண்ணீரிலும் நீளமாக நரம்பு கிடக்காது. அறுக்கும்போது மட்டும் பிரெய்டைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. கத்திபோல் தசைக்குள் இறங்கும். ஒரு கட்டையில் நாலு சுற்று சுற்றி, ராடை நேராக நீட்டி வைத்துக்கொண்டு, பின்னோக்கி நட.

சுற்றும் விதம். வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டினால் மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் பிடிக்கவில்லை, ரீல் கெட்டுவிட்டது என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு வியாதி இதுதான். அடியில் பத்துப் பன்னிரண்டு சுற்று நைலான் சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டு. ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்று. தளர்வாகச் சுற்றினால் ஐம்பது பவுண்டும் புதையும். விளிம்பு வரை நிரப்பாதே, மூன்று மில்லிமீட்டர் விட்டுவிடு. ஆரம்பத்தில் சிக்கு விழத்தான் செய்யும். விழுந்தால் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காராதே. ஸ்பூலைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு நரம்பை மெல்ல இழு, பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

லூர் கட்ட பாலோமர் முடிச்சு, லீடரைச் சேர்க்க எஃப்.ஜி. முடிச்சு. நைலானுக்குக் கட்டும் சாதாரண முடிச்சு பிரெய்டில் வழுக்கிவிடும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள், உலர இழுத்தால் உரசும் சூட்டிலேயே இழை கெடும். வெட்ட நல்ல கத்தரிக்கோல் வேண்டும், நகவெட்டி இழையைப் பிய்த்துத்தான் போடும். நான்கு இழை, எட்டு இழை என்று கேட்பார்கள். எட்டு இழை வழவழப்பாகச் சத்தமில்லாமல் ஓடும், விலை கூட. நான்கு இழை சற்றுச் சொரசொரப்பு, உரசலை அதிகம் தாங்கும். வேர்களுக்கிடையில் வீசும் உனக்கு நான்கே போதும். நிறம் வெளுத்தால் பதறாதே, இந்த இழையில் சாயம் ஒட்டாது. முன்பகுதி நைந்து பஞ்சுபோல் ஆனால் மொத்தத்தையும் கழற்றித் தலைகீழாகச் சுற்று, அடியிலிருந்த புது நரம்பு மேலே வரும். பிரெய்டு என்ன விலை விற்கிறது என்று எனக்குத் தெரியும்.

டிராக்கைக் கையால் இழுத்துக் குத்துமதிப்பாக வைக்காதே. பயணப் பெட்டி எடை பார்க்க வாங்கினாயே ஒரு கொக்கித் தராசு, அதை நரம்பு நுனியில் மாட்டி இழுத்துப் பார், இப்போதைக்கு மூன்று கிலோவில் ஸ்பூல் வழுக்க ஆரம்பித்தால் போதும். பிரெய்டு நைலானைப்போல் நீளாது, டிராக் இறுக்கமாக இருந்தால் மீன் துள்ளும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். 55 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது, உனக்கே தெரியும். மிகப் பெரியதையும் விட்டுவிடு. கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும், பெரியதெல்லாம் முட்டையிடுபவை.

ராடின் அடிப்பக்கம், கைப்பிடிக்குச் சற்று மேலே, லூர் எடையும் நரம்பு அளவும் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் டிராக் மூன்று கிலோவா நாலு கிலோவா என்று உறுதியாகச் சொல்வேன். அதுவரை பிரெய்டுக்குப் பணம் கொடுக்காதே. பொங்கலுக்கு உன் மாமா அங்கே வருகிறார், ஐம்பது பவுண்டு ஒரு சுருளைக் கடையிலிருந்தே கொடுத்தனுப்புகிறேன். நாற்பது பவுண்டு லீடரை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா