அப்பாவின் நினைவு நாள்: உங்களிடம் ஒரு வேண்டுகோள்

உறவுகளுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அன்று மாலை 6 மணிக்கு இந்தக் குழுவிலேயே காணொளி அழைப்பில் கூடி, அவரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம்.

அப்பாவின் கைப்பேசிக்கு அம்மா இன்றும் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறார். அதில் அம்மாவுக்கு அப்பா அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருக்கிறது. வெறும் 11 விநாடிதான். "கிளம்பிவிட்டேன், நீ சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே" என்கிறார். பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது. அம்மா அன்றும் காத்திருந்தார், எல்லா நாளும் போலவே. இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கிப்பிடித்தது அந்த 11 விநாடிதான் என்று சொன்னால் மிகையில்லை.

அதனால்தான் கேட்கிறோம்: அப்பாவின் குரல் உங்கள் கைப்பேசியில் இருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள். வெறும் "சரி" என்று சொன்னதானாலும் போதும். படங்களை டாக்குமெண்டாக அனுப்புங்கள். வழக்கம்போல அனுப்பினால் சுருங்கி முகம் மங்கிவிடுகிறது. பழைய அச்சுப் படமென்றால் பிளாஷ் இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

சனிக்கிழமை இரவுக்குள் கிடைத்தால் நல்லது.

ஞாயிறன்று அம்மாவைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் பேசுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.