மெயின் சுவிட்சை ஒருநாள் இறக்கிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கரண்டும் தண்ணீரும் நின்றுபோனால் சமாளிக்க வீட்டில் என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று சென்ற வாரம் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நல்ல பட்டியல்தான். அதில் முக்கால்வாசிப் பொருள் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் போன வருடம் ஒன்றரை நாள் கரண்ட் இல்லாதபோது திண்டாடிப்போனோம். அதற்கப்புறம் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ஞாயிறு காலை 6 மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். மதியம் மேல்தொட்டி வால்வையும் மூடிவிடுவேன். சாயங்காலம் 6 மணிவரை யார் கெஞ்சினாலும் திறப்பதில்லை.

முதல் ஞாயிறு பத்தே நிமிடத்தில் மானம் போனது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த டார்ச் எரியவில்லை. திறந்தால் பேட்டரி கசிந்து, உள்ளே ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. இப்போது பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சுற்றி, டார்ச்சோடு சேர்த்துச் சமையலறைக் கதவருகே ஆணியில் மாட்டியிருக்கிறேன். இருட்டில் கை தானாகவே அங்கே போகும்.

அடுத்தது தண்ணீர். மேல்தொட்டி நிறைய இருந்தது, குடிக்கத்தான் இல்லை. ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் கரண்ட் வேண்டும் என்பது எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதன் சின்னத் தொட்டியில் மிச்சமிருந்தது பத்து மணிக்குள் காலி. “மேலே அவ்வளவு தண்ணி நிக்குது, குடிக்க ஒரு டம்ளர் இல்லையா?” என்றார் மாமியார். என்ன பதில் சொல்ல? தொட்டித் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்தோம். நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். இப்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், 3 நாளைக்கு, ஆக 60 லிட்டர் குடிநீரை மூடியுள்ள கேன்களில் தனியாக வைத்திருக்கிறேன்.

குடிநீர் கணக்கு சின்னது. தண்ணீரைத் தின்பது கழிப்பறைதான். ஃபிளஷ் ஒரு தடவைக்கு 6 லிட்டராவது இழுக்கும், பழைய தொட்டி என்றால் இன்னும் அதிகம். துணி அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, அரை வாளியை ஒரே வீச்சில் ஊற்றினால் வேலை முடியும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் எவ்வளவு ஊற்றினாலும் போகாது.

அன்று சாயங்காலம் வால்வைத் திறந்ததும் இன்னொரு கூத்து. குளியலறைக் குழாயை யாரோ திருப்பிப் பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் கூடத்தில் ஃபேனுக்கடியில் சொகுசாக உட்கார்ந்திருக்க, பாதித் தொட்டி சாக்கடைக்குப் போய்விட்டது. இப்போது தண்ணீர் நின்றது தெரிந்ததும் முதல் வேலை, வீட்டைச் சுற்றி வந்து எல்லாக் குழாயையும் மூடுவது. டிரம்முக்குள் முங்கிக் கிடக்கும் ஹோஸையும் எடுத்துவிடுவேன். குழாயில் அழுத்தம் குறையும்போது அது டிரம் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் நான்கு மணி நேரம் தாங்கும் என்று நம்பியிருந்தோம். இரண்டிலேயே படுத்துவிட்டது. பேட்டரியில் தண்ணீர் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே. (டிஸ்டில்டு வாட்டர்தான் விட வேண்டும், குழாய்த் தண்ணீர் பேட்டரியைக் கெடுக்கும்.) அது போதாதென்று மூன்று அறையிலும் ஃபேன் ஓடியது. பழைய ஃபேன் ஒன்று 75 வாட், எல்.இ.டி. பல்பு 9 வாட். ஒரு ஃபேனை நிறுத்தினால் எட்டு பல்பு எரிக்கலாம். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் ஒரே அறைக்கு வந்தார்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் மகள் ‘திறந்தால் அபராதம்’ என்று எழுதி ஒட்டினாள். திறக்காமல் விட்டால் 4 மணி நேரம்வரை குளிர்ச்சி நிற்கும். மாமனாரின் இன்சுலினை நினைத்துத்தான் பயந்தேன். உபயோகத்தில் உள்ள இன்சுலின் ஊசிப் பேனாவைப் பெரும்பாலும் 4 வாரம்வரை சூடில்லாத இடத்தில் வெளியே வைக்கலாம் என்றார் மருந்தாளர். எத்தனை நாள் என்பது மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது, ஒருநாளும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கட்டுரையோடு எனக்குச் சண்டை. ஜெனரேட்டரை பால்கனியில் வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து திருத்தம் போடுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். வீட்டை விட்டு 6 மீட்டராவது தள்ளி, திறந்தவெளியில், ஜன்னல் பக்கம் புகை வராதபடி வைக்க வேண்டும். அதற்கு இடமில்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டாம்.

போன ஞாயிறு நான்காவது ஒத்திகை. டார்ச் எரிந்தது, குடிநீர் இருந்தது, யாரும் கெஞ்சவும் இல்லை. சரி, தேறிவிட்டோம் என்று நினைத்து, கீழ்த்தொட்டியில் ஒரு வாளி மொண்டு வரப் போனேன். மூடியை என்னால் தனியாக அசைக்கவே முடியவில்லை. கைப்பிடி வைத்த இலேசான மூடிக்குச் சொல்லியிருக்கிறேன். பூட்டும் வைக்கச் சொன்னேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி