உன் கோழிகளின் முதல் பனிக்காலம்

அன்பு மகளுக்கு,

கூட்டை ஒட்டிக் கோழிகள் பகலில் உலாவும் அடைப்பைச் சுற்றிக் காற்றே புகாமல் தார்ப்பாய் கட்டி, கூட்டுக்குள் சூடு விளக்கும் மாட்டப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு, இரண்டும் வேண்டாம்.

கோழியின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம், 41 டிகிரி செல்சியஸ் வரும். இறகு முழுதாக வளர்ந்த கோழி, உடம்பை உப்பிக்கொண்டு பக்கத்துக் கோழியோடு ஒட்டி உட்கார்ந்து உறைபனியைக்கூடத் தாங்கிவிடும். அதற்கு ஆகாதது ஈரம்தான். இரவெல்லாம் அவை விடும் மூச்சும் எச்சத்திலிருந்து எழும் ஆவியும் வெளியேற வழியில்லாவிட்டால், ஈரம் கொண்டையில் படிந்து, உறைந்து, நுனி கறுத்துப்போகும். லெகார்ன் மாதிரி பெரிய கொண்டை உள்ள வகைகளுக்கு இது சீக்கிரம் வரும். காலையில் கூட்டைத் திறந்ததும் கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மோந்து பார். அமோனியா நெடி அடித்தாலோ, கூரையின் உட்பக்கம் நீர் கோத்திருந்தாலோ காற்று போதவில்லை.

காற்று போகும் திறப்புகளைக் கூட்டின் கூரையை ஒட்டி, கோழிகள் அடையும் கட்டைக்கு நன்றாக மேலே வை. அடைந்திருக்கும் கோழி மேல் காற்று அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், அவை இப்போது அடையும் உருட்டுக் கம்பை எடுத்துவிட்டு 4 அங்குல அகலமுள்ள கட்டையைத் தட்டையாகப் போடு. விரல்களின் மேலேயே உட்கார்ந்து வயிற்று இறகால் மூடிக்கொள்ளும்.

சூடு விளக்கு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். காய்ந்த கூளம், தூசி, படபடக்கும் இறக்கை, இவற்றின் நடுவே கொதிக்கும் பல்பு. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? அந்தச் சூட்டுக்குப் பழகிய கோழிகள், நடு இரவில் கரண்ட் போனால் திண்டாடிப் போகும்.

அடைப்புக்கு வருவோம். காற்று வரும் பக்கத்தில் மட்டும், வெளிச்சம் உள்ளே வரும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் கட்டு. மேலே ஓரடியாவது திறந்திருக்கட்டும். கூரையாக இப்போது இருக்கும் வலை ஆபத்து. ஈரப்பனி அதில் தங்கினால் பாரத்தில் கீழே வந்துவிடும். சரிவாகத் தகடு போட்டுவிடு. தரையில் மரச்சில்லும் காய்ந்த இலையும் தாராளமாகக் கொட்டு. பனி மேல் நடக்கப் பல கோழிகளுக்குப் பிடிக்காது. கூரைக்கடியில் இலைகளுக்குள் கொஞ்சம் தானியம் தூவினால் கிளறிக்கொண்டே பொழுதைப் போக்கும், சண்டையும் குறையும். கூட்டுக்குள் ஆழ்கூளம்: அரையடிக்கு மரச்சீவல் போட்டு ஆரம்பி, அடிக்கடி கிளறிவிட்டு மேலே புதிது சேர். நனைந்த இடத்தை மட்டும் அன்றன்றே அள்ளிவிடு.

மண் உறைந்து இறுகுவதற்குள் முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நரியையும் மரநாயையும் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டியான கம்பிவலையாக மாற்றி, அடியில் ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கம் விரித்துப் புதைத்துவிடு. இரை தேடுவது கடினமாகும்போதுதான் அவை துணிந்து வரும்.

தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்காதே, அது ஈரத்தைத்தான் கூட்டும். அடைப்பில் வைத்து, உறைய உறைய மாற்று. முட்டை குறைந்தால் பதறாதே. பகல் சுருங்கினால் அப்படித்தான். விளக்கு போட்டு 14 மணி நேர வெளிச்சம் காட்டினால் இடும், ஆனால் ஓய்வெடுக்கட்டுமே என்பது என் எண்ணம். இடுகிற முட்டையைச் சீக்கிரம் எடுத்துவிடு, உறைந்தால் ஓடு வெடிக்கும்.

தகடு வாங்குவதற்கு முன் அடைப்பின் நீள அகலத்தை அளந்து எழுது. எந்தப் பக்கம் சரிவு வைப்பது என்று வரைந்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையை ஏணி பிடிக்கச் சொல், தனியாக ஏறாதே.

அன்புடன்,
அப்பா