அத்தோ சைனீஸ் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வடசென்னைத் தெருவோரச் சாப்பாடு பற்றி வந்த கட்டுரையில் அத்தோவை 'நம்ம ஊர் சைனீஸ் நூடுல்ஸ்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியதும் என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பதைத் தாண்டியவர், பர்மாவில் ரங்கூனில் பிறந்தவர். அத்தோ பர்மியப் பண்டம்.

1962இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அப்புறம் கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவின் மளிகைக் கடையும் போயிற்று, பெட்டியில் இருந்ததும் வெறும் காகிதமாயிற்று. கப்பலில் வந்திறங்கியவர்களில் பலர் எங்களைப் போல வியாசர்பாடியில் ஒண்டினார்கள். சிலர் பீச் ஸ்டேஷன் எதிரே கடை விரித்தார்கள், அது பர்மா பஜார் ஆனது. சிலர் தள்ளுவண்டியில் அத்தோ போட்டார்கள்.

பர்மிய மொழியில் 'தோ' என்றால் கையால் பிசைந்து கலப்பது. நூடுல்ஸ், கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ. 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. கலக்க அடுப்பே வேண்டாம். இப்போது வாணலியில் வதக்கி 'அத்தோ ஃப்ரை' என்று விற்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பார்.

ரங்கூனில் எங்கள் பாட்டி வீட்டில் இட்லியும் குழம்பும்தானாம். மொய்ங்கா என்ற மீன் குழம்புச் சேவை காலையில் தெருவில் வாங்கித் தின்கிற பண்டம். இங்கே வந்த பிறகுதான் அது எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியது. மீன் குழம்பு, வாழைத்தண்டு, அரிசி சேவை எல்லாம் சரி, நாப்பிக்கு, அதாவது புளிக்கவைத்த மீன் விழுதுக்கு, எங்கே போவது? காசிமேட்டுச் சென்னாகுன்னியை (பொடி இறால் கருவாடு) வறுத்து அரைத்துப் போட்டார் அம்மா. அவரைக் கேட்டால் அது ஏமாற்று வேலை. எனக்கு மொய்ங்கா என்றால் அந்த வாசனைதான். கடைகளில் மீனையும் விட்டுவிட்டு வெறும் வாழைத்தண்டு சூப்பாகக் கொடுக்கிறார்கள். அதற்கும் கூட்டம் நிற்கிறது.

என் மகன் டொராண்டோவில் இருக்கிறான். போன மாதம் ஒரு பர்மிய உணவகத்துக்குப் போய் ஆசையாக 'அத்தோ' கேட்டிருக்கிறான். "எந்தத் தோ? இஞ்சியா, தேயிலையா, தக்காளியா?" என்றார்களாம். நூடுல்ஸ் என்று சொல்லி வாங்கியிருக்கிறான். ஆரஞ்சு நிறமும் இல்லை, நம் காரமும் இல்லை. மீன் வாடை வேறு. அங்கிருந்தே போன் போட்டான்: "ஆயா, இது அத்தோவே இல்ல!"

"அதான்டா அத்தோ" என்று அம்மா சிரித்தார். பிறகு அரை மணி நேரம், புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, பூண்டு எந்த நிறம் வந்ததும் இறக்குவது என்று வியாசர்பாடி அத்தோவை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை.