மணலுக்குள் அடைபடும் வழிகள்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமண வேலைகளுக்கு நடுவிலும், குடியாத்தம் வீட்டு மழைநீர்க் குழி முன்போல் தண்ணீரை உள்வாங்குவதில்லை என்று நீ விரிவாக எழுதியிருந்தாய். ஆய்வகத்தில் இப்போது என்னை ஆட்டிவைப்பதும் அதே சிக்கல்தான்.

பாலாற்று மணலைச் சலித்துக் கழுவி ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, சிறிதளவு சர்க்கரை கலந்த நீரை ஒரே அளவில் மேலிருந்து செலுத்துகிறோம். பக்கவாட்டில் செருகிய மெல்லிய குழல்களில் ஏறி நிற்கும் நீர்மட்டம் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்தைக் காட்டும். தொடக்கத்தில் சீரான சரிவாக இருந்த அந்த மட்டங்கள், நாளடைவில் முதல் இரண்டு குழல்களுக்கு இடையே மட்டும் செங்குத்தாக விழத் தொடங்கின. அதற்குக் கீழே ஏறத்தாழ மாற்றமே இல்லை. நுழைவாயிலிலேயே பாக்டீரியா சர்க்கரை உணவைத் தின்று தீர்த்துவிடுவதால், அவை மணலில் ஒட்டி வளரும் பிசுபிசுப்பான உயிர்ப்படலம் அங்கேதான் தடிக்கிறது.

இதைக் கணினியில் கணக்காக்கிக் காட்டுவதுதான் கடினம். மணலில் நீர் ஓடும் வேகத்துக்கு 1856-இல் டார்சி தந்த விதியும், உணவுக்கேற்ப பாக்டீரியா பெருகும் வேகத்துக்கு மோனோவின் சமன்பாடும் இருக்கின்றன. துளைவெளி, அதாவது மணிகளுக்கு இடையே உள்ள காலியிடம், குறைந்தால் ஊடுருவுதிறன், அதாவது மணல் நீரை உள்ளே விடும் திறன், எவ்வளவு குறையும் என்பதற்கு வழக்கமாக எடுத்தாளப்படுவது கோஸெனி–கார்மன் சமன்பாடு. அதன்படி, துளைவெளி 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆனால் ஊடுருவுதிறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் உயிர்ப்படலம் வளர்ந்த மணலில் அது நூறில் ஒரு பங்குக்கும் கீழே போவதுண்டு. படலம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மணிகளுக்கு இடையே உள்ள குறுகிய கழுத்துகளை மெல்லிய குழாய்களாகக் கொண்டால், ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் பாயும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும். எனவே மொத்த மணலுக்கும் ஒரே சராசரி எண்ணைக் கொடுப்பதை விட்டுவிட்டு, துளைகளையும் கழுத்துகளையும் ஒரு குழாய் வலையாகவே கணக்கிடுகிறோம்.

அப்போதுதான் இன்னொன்றும் புலப்படுகிறது. அடைப்பு கூடக் கூட எஞ்சிய வழிகளில் நீர் விரைந்து, படலத்தைப் பிய்த்துக்கொண்டு புதுப் பாதை திறக்கிறது. பின்னர் அதுவும் மூடிக்கொள்கிறது. அழுத்தம் சீராக உயராமல் ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம்.

உன் குழிக்கு வருகிறேன். வண்டலும் அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடைப்பு பெரும்பாலும் மேல்மணலில்தான் இருக்கும். முழுவதையும் தோண்ட வேண்டாம். குழியை நன்றாக உலரவிட்டு, மேலே இரண்டு அங்குலத்தை மட்டும் சுரண்டி எடுத்துக் கழுவிய மணலை இடு. அடுத்த மழைக்குப் பின் நீர்மட்டம் மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறித்தனுப்பினால், நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்